பழைய கார், இன்றைய விலை: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பழைய கார்களைத் தேடிப் போவதும், வாங்குகிற நண்பர்களுக்குத் துணையாகப் போய்ப் பார்த்துச் சொல்வதும் எனக்குப் பல வருடப் பழக்கம். நான் புரோக்கர் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதும் இல்லை. வீட்டில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன: 1998 மாருதி ஜென் ஒன்று, அப்பா ஓட்டிய டீசல் அம்பாசடர் ஒன்று. வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து விலை பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தப் பழைய காருக்கு மதிப்பு இருக்கிறது? எது காயலான் கடைக்குத்தான் போகும்?

வயதுக்கும் மதிப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இருபது வருட வண்டிகளில் பெரும்பாலானவை எடைக்குத்தான் போகும். விலை நிற்கிற வண்டிகளை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன்.

முதலாவது, நினைவுக்காக வாங்கப்படுபவை. அம்பாசடர், நம் ஊரில் எல்லோரும் 'பியட்' என்றே சொல்லும் பிரீமியர் பத்மினி, கான்டெஸா, 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றை வாங்க வருபவர்கள் தாத்தாவோ அப்பாவோ ஓட்டியதை நினைத்து வருகிறவர்கள். நல்ல வண்டி கிடைத்தால் பேரம் அதிகம் பேச மாட்டார்கள்.

இரண்டாவது, ஓட்டுகிற சுகத்துக்காக வாங்கப்படுபவை. ஜென், எஸ்டீம், ஹோண்டா சிட்டி 1.5 விடெக், மறைமலை நகரில் தயாரான போர்டு ஐகான் 1.6, மிட்சுபிஷி லான்சர், பியட் பேலியோ 1.6, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். இவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள். கல்லூரி நாளில் ஆசைப்பட்டு, அன்றைக்குக் கையில் காசு இல்லாமல் விட்டதை இப்போது தேடுகிறார்கள். இந்த வகைக்குத்தான் இனிமேல் விலை ஏற இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மூன்றாவது, வேலைக்கும் ஆகும் வண்டிகள். ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப், குவாலிஸ். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் விடவே மாட்டார்கள். குவாலிஸ் தயாரிப்பு 2005-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஓடுகிற குவாலிஸ் விற்பனைக்கு வந்தால் ஒரே நாளில் கை மாறிவிடுகிறது.

விலையை எப்படிக் கணக்குப் போடுவது?

இதற்கென்று ஒரு விலைப்பட்டியல் கிடையாது. இன்சூரன்ஸ்காரர்கள் ஐடிவி (காப்பீட்டுக்கான வண்டி மதிப்பு) என்று போடும் தேய்மானக் கணக்கு ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வண்டிக்காரரும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வதுதான். விளம்பரங்களில் பார்ப்பதெல்லாம் கேட்கிற விலை. கை மாறின விலை அதற்குள் தெரியாது.

நான் பின்பக்கத்திலிருந்து கணக்குப் போடுவேன். அதே மாடலில் காகிதம் சரியாக, துரு இல்லாமல், ஓடும் நிலையில் உள்ள வண்டி கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று வாங்கியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வேன். அப்படி இரண்டு மூன்று வண்டிகளின் விலை போதும். பிறகு நான் பார்க்கும் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை எழுதுவேன். டிங்கரிங், பெயிண்ட், டயர், இன்ஜின் வேலை, ஆர்சி புதுப்பிப்பு, எல்லாம் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்ப்பேன். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் வேலைகள் எப்போதும் உண்டு. அந்தத் தொகையைக் கழித்தால் நிற்பதுதான் நான் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை. இந்தக் கணக்கை எழுதாமல் வண்டி பார்க்கப் போகாதீர்கள். நேரில் பார்த்ததும் மனசு இளகிவிடும்.

ஆர்சி முடிந்து நிற்கும் வண்டி சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கும் முன் கூட்டிப் பாருங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் நம் ஆட்கள் எஃப்சி என்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டின் பசுமை வரி தனி.

பலர் கவனிக்காதது தாமதக் கட்டணம். அதே விதியில், புதுப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் காருக்கு 500 ரூபாய் என்று இருக்கிறது. ஐந்து வருடம் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் அறுபது மாதம், 30,000 ரூபாய். நாற்பதாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்பட்ட வண்டி, சாலைக்கு வரும் முன்பே இரண்டு மடங்காகிவிடும். அதனால் நேராக ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், வண்டி எண்ணைச் சொல்லி, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

இன்ஜின் நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. இந்த வயது வண்டியில் தகரம்தான் விலை. இன்ஜினை இறக்கி ஏற்றலாம், வேறு ஒன்றிலிருந்து பாகம் எடுக்கலாம். அடித்தட்டு அரித்துப்போன வண்டியை முழுசாக மீட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டில் ஜென் ஒன்று இருப்பதாக நண்பர் அழைத்துப் போனார். வெள்ளை வண்டி, ஒரே ஓனர், ஓய்வுபெற்ற ஆசிரியர். மாமரத்தடியிலேயே நின்றிருந்தது. சாவியைத் திருப்பிய உடனே பிடித்துக்கொண்டது இன்ஜின். புகையே இல்லை. "கடிகாரம் மாதிரி ஓடும் தம்பி, காதை வெச்சுக் கேளுங்க" என்றார் பெரியவர். உண்மைதான், சத்தம் அவ்வளவு சுத்தம்.

நான் ஒரு சின்ன காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் வைத்து நகர்த்தினேன். முன் கதவு வரை ஒட்டியது. பின் கதவுக்கு வந்ததும் ஒரு சாண் அளவுக்குப் பிடிப்பே இல்லை, நழுவி விழுந்தது. அந்த இடம் முழுக்கத் தகரம் இல்லை, பட்டி (ஓட்டையை அடைக்கும் பூச்சு). டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை எடுத்தோம். குழிக்குள் ஒரு விரல்கடை தண்ணீர், அதில் மக்கிய மாவிலை, ஓரத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும் துரு. போனட்டைத் திறந்து முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளைப் பார்த்தால், அங்கேயும் இலை அடைத்திருந்தது. பல மழைக்காலத் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. ஓட்டுநர் காலடியில் ரப்பர் மேட்டைத் தூக்கி அழுத்தியபோது தகரம் விரலுக்கு இளகியது.

பெரியவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஏமாற்றவில்லை. எங்களோடு குனிந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தொண்ணூறாயிரம் கேட்டிருந்தவர், டிங்கர் சொன்ன நாற்பதாயிரத்தைக் கழித்து ஐம்பதுக்கு அவரே ஒத்துக்கொண்டார். இன்றைக்கு அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டங்கள் கடலிலிருந்து தள்ளி, வறண்ட பக்கத்தில் இருப்பவை. கடலோர வண்டியைவிட நம் வண்டியில் துரு குறைவு என்பது வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும். அந்த நல்ல பெயரை மாமரத்தடியிலும் புளிய மரத்தடியிலும் நிறுத்திக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு தகரம் போட்ட கூரை போதும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றின வண்டி என்கிறார்கள், அதில் என்ன பிரச்சினை?

தர்மபுரி பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோற்றுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். உப்பு படிந்து குழாய்கள் அடைபடும், வண்டி சூடேறும். ஜென்னின் 993 சிசி இன்ஜின் முழுக்க அலுமினியம், சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தால் நல்லது. துரு நிறத் தண்ணீர் என்றால் ஹெட் கேஸ்கெட் வேலையை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிறதே, நம்பலாமா?

நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் வழுவழுப்பு, ஓட்டுநர் சீட்டின் ஓரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கூடவே பழைய சர்வீஸ் பில் கேளுங்கள். பில் கட்டு ஒன்றை எடுத்து நீட்டுகிற ஓனருக்குக் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்கியதே இல்லை.

ஓசூரில் கர்நாடகா வண்டிகள் நிறைய வருகின்றன. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், வரியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு. வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரி, பிறகு நமக்கான எண்: தர்மபுரி என்றால் 29, கிருஷ்ணகிரி 24, ஓசூர் 70. என்ஓசி கையில் வரும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

பெங்களூருக்காரர் உங்கள் வண்டியை வாங்க வந்தாலும் இதே கணக்கை அவரும் போடுவார். அங்கே கட்ட வேண்டிய வாழ்நாள் வரியை உங்கள் விலையில் குறைத்துத்தான் கேட்பார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 1989-க்கு முன்னால் பதிவான வண்டிகளில் பழைய மூன்றெழுத்து எண் இருக்கும். எம்.ஜி.ஆரின் அம்பாசடர் டிஎம்எக்ஸ் 4777 என்றால் இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. வேறு மாநிலத்துக்கு மாற்றினால் அந்த எண் போய்விடும். பழைய எண்ணோடு, பழைய ஆர்சி புத்தகத்தோடு இருக்கும் பியட்டோ அம்பாசடரோ உங்களிடம் இருந்தால், தமிழ்நாட்டுக்குள்ளேயே ஆள் தேடுங்கள்.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறதே?

டெல்லியில் பத்து வருட டீசலும் பதினைந்து வருட பெட்ரோலும் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னதிலிருந்து அங்கிருந்து வண்டிகள் வெளியே வருகின்றன. நல்ல வண்டிகளும் உண்டு. வண்டி எண்ணோடு நம் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு இறங்குங்கள். சென்னை வண்டி என்றால் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் நின்றதா என்று பாருங்கள். சீட் பெல்டை முழுவதுமாக இழுத்தால் அடியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறது. "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு" என்கிறார்கள்.

நானே இதில் மாட்டியவன். 2016-ல் ஓர் ஐகான் 1.6 வாங்கினேன். ஆசைப்பட்டுத் தேடிய வண்டி, நிறம்கூட நான் நினைத்ததே. கடன் என்றைக்கோ முடிந்துவிட்டது, ஒரு கையெழுத்து வாங்கினால் போதும் என்றார் இடையில் இருந்தவர். நம்பிப் பணம் கொடுத்தேன். கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளை மூடப்பட்டிருந்தது. தலைமை அலுவலகத்தில் பழைய கணக்கைத் தேடி எடுத்து, கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-ம் கொடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் வண்டியை என் பெயருக்கு மாற்ற முடியவில்லை, மனசார ஓட்டவும் முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே எச்பி (ஆர்சியில் உள்ள கடன் குறிப்பு) கேன்சல் ஆன ஆர்சியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம். விற்கிறவர் நீங்கள் என்றால், விளம்பரம் போடும் முன்பே அதை முடித்து வையுங்கள். இரண்டு நாள் அலைச்சலுக்குப் பல ஆயிரம் விலை கூடும்.

மாற்றியமைத்த ஜீப்புக்கு நல்ல விலை சொல்கிறார்கள். நியாயமா?

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெரிய டயர், வெட்டிய பாடி, வேறு இன்ஜின் உள்ள ஜீப் அடுத்த எஃப்சியில் நின்றுவிட்டால், கொடுத்த பணம் அங்கேயே நிற்கும்.

அம்பாசடரில் இது அடிக்கடி வரும். பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் போட்டிருப்பார்கள், ஆர்சியில் பழைய இன்ஜின் எண்ணே இருக்கும். ஆர்சி, இன்ஜின், சேசிஸ் மூன்றிலும் எண் ஒத்துப்போக வேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நீங்களே பிரிண்ட் எடுங்கள். எண்ணைச் சுற்றி உளி தட்டிய தடமோ வெல்டிங்கோ இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அரசு ஏலத்தில் ஜிப்சி, அம்பாசடர் எடுக்கலாமா?

முன்பு நல்ல வண்டிகள் அப்படித்தான் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவே ரத்தாகிவிடுகிறது. அவை உடைப்பதற்குத்தான் போக வேண்டும். தனியார் பெயரில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஜிப்சிக்கு விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செலவு செய்து புதுசு போல ஆக்கினால் போட்ட பணம் திரும்புமா?

என் கணக்கையே காட்டுகிறேன். அப்பாவின் அம்பாசடரை 2019-ல் பிரித்து வேலை பார்த்தோம். டிங்கரிங், பெயிண்ட் 95,000. இன்ஜின் 62,000. பிரேக், சஸ்பென்ஷன் 35,000. சீட்டும் கூரைத் துணியும் 28,000. கண்ணாடி ரப்பர், குரோம் 24,000. ஐந்து டயர் 19,000. கூட்டினால் 2,63,000. வேலை முடிந்த பிறகு வந்ததில் நல்ல விலை 1,90,000. வண்டியின் விலையைச் சேர்க்காமலே எழுபத்து மூன்றாயிரம் குறைவு.

நான் விற்கவில்லை, அது வேறு விஷயம். மாங்காய்ச் சீசனில் அப்பா மண்டியிலிருந்து வரும்போது அந்தப் பின் சீட்டில் எப்போதும் ஒரு கூடை இருக்கும். புதுத் துணி போட்ட பிறகும் வெயில் நேரத்தில் கதவைத் திறந்தால் அந்த வாசனை வருகிறது. அதற்கு விலை கேட்டு யாரும் வரப்போவதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

விற்பதற்காகச் செலவு செய்கிறவர்கள் பிரேக், டயர், விளக்கு, காகிதம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு பெயிண்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயிண்ட் பார்த்தாலே உள்ளே என்ன மறைத்திருக்கிறார்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர் யோசிப்பார். கம்பெனிப் பெயிண்ட் மங்கிப்போய் அப்படியே இருக்கும் வண்டிக்கு அவர் அதிகம் கொடுப்பார்.

'வின்டேஜ்' என்று பதிந்தால் விலை கூடுமா?

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிதான் வின்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது. 1970-களின் தொடக்கத்து அம்பாசடர்களும் பியட்களும் இப்போது இந்த வயதுக்குள் வந்துவிட்டன. சாதாரண ஆர்சி உயிரோடு இருந்தால் அதை விட்டுவிட்டு இதற்குப் போக அவசரப்படாதீர்கள். 1985 மாடல் வண்டியை வின்டேஜ் என்று யாராவது விற்க வந்தால், சட்டப்படி அது வின்டேஜ் ஆகாது.

ஸ்பேர்ஸ் கிடைக்குமா?

மாருதிக்குக் கவலையே வேண்டாம். அம்பாசடர் 2014-ல் நின்றது. அதற்கும் பாகங்கள் இன்னும் ஓடுகின்றன. சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு இரண்டும் நமக்கு ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். லான்சர், பேலியோ, கான்டெஸா வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். அதுவும் உள் பிளாஸ்டிக், விளக்கு, கண்ணாடி. உலோகப் பாகம் என்றால் ஓசூர் இருக்கிறது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்ததிலிருந்து அங்கே வளர்ந்த லேத் பட்டறைகளில், பழைய புஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அளவெடுத்துக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். முன் விளக்கு இரண்டும் உடைந்த லான்சரைவிட இன்ஜின் போன எஸ்டீமை நான் தைரியமாக வாங்குவேன்.

எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியின் விலையைப் பாதிக்கிறதா?

பாதிக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் துரு பிடிக்கும். என் ஜென்னில் பெட்ரோல் குழாய்கள் முழுவதையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டேன். வாங்கும்போது குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், தீப்பிடிக்கிற விஷயம்.

இன்சூரன்ஸ்?

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆண்டுக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிஎஸ்டி தனி. சிசி பார்த்து வாங்க இதுவும் ஒரு காரணம். முழுக் காப்பீடு வேண்டுமென்றால் படங்களும் பில்களும் கொடுத்து விலையைப் பேசி எழுத வையுங்கள்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஊருக்குள் ஒரு சுற்று போதாது. தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, தொப்பூரிலிருந்து தர்மபுரி நோக்கி ஏறுங்கள். வெப்ப முள் நடுவில் நின்றால் குளிர்விக்கும் அமைப்பு நன்றாக இருக்கிறது. மூன்றாவது கியர் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸ் வேலை. பிரேக்கைச் சோதிக்க எதிர்ப்பக்க இறக்கத்துக்குப் போகாதீர்கள். இரட்டைப் பாலம் பக்கம் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிரேக்கைச் சமதளத்தில் பாருங்கள்.

விற்ற பிறகு ஆர்சி என் பெயரிலேயே இருக்கிறது. ஏதாவது ஆகுமா?

ஆகும், பெரிதாகவே ஆகும். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டியைக் கொடுத்து வருடக்கணக்கான பிறகும் இழப்பீட்டு வழக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்பவர் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றுச் செலவை நீங்களே ஏற்று, வாங்குபவரைக் கையோடு அழைத்துப் போய் முடித்துவிடுங்கள். தேதி, நேரம் எழுதிய டெலிவரி நோட்டில் அவர் கையெழுத்தும் ஆதார் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

எப்போது விற்பது என்றும் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் மாங்காய்க் காசு கைக்கு வரும் ஜூலை, ஆகஸ்டில் ஆள் வரும். ஆடி மாதத்தில் பேசி வைத்து ஆவணியில் எடுப்பார்கள்.

அப்பா காலமாகிவிட்டார். அவர் பெயரில் பியட் ஒன்று ஷெட்டில் நிற்கிறது. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் போனாலும் தார்ப்பாய் மூடிய கார் ஒன்று இப்படி இருக்கிறது. அப்பா பெயரிலேயே இருக்கும்போது அதற்கு விலை இல்லை, எடைதான்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் மூன்றையும் வைத்து படிவம் 31-ல் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். விதிப்படி மூன்று மாதத்துக்குள். தாண்டியிருந்தாலும் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நன்றாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆர்சி புத்தகம், பழைய இன்சூரன்ஸ், அப்பா எழுதி வைத்த சர்வீஸ் நோட்டு, இரண்டாவது சாவி, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, எதையும் தூக்கிப் போடாதீர்கள். நல்ல விலை கொடுக்கிறவர் அதையெல்லாம் கேட்பார்.

அப்புறம், ஆசையில் உடனே பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்துவிட வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற இன்ஜினின் ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, துளைக்கு இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் பிளக் இல்லாமலே இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஆயிலை மாற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.